மாரித்தாய் போட்ட ஆள் கணக்கு

சங்கரன்கோவில் பக்கம் ஒரு பாத்ரூமை இடித்துப் புதுசாக்க எத்தனை ஆள், எத்தனை நாள் என்று தெரிய வேண்டுமானால் இன்ஜினியரைத் தேடி அலைய வேண்டாம். மாரித்தாயைக் கேட்டால் போதும். வாசலில் நின்று எட்டிப் பார்ப்பாள். சுவரை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவாள். தரையில் தண்ணீர் எந்த மூலையில் தேங்கிக் கிடக்கிறது என்று பார்ப்பாள். கொத்தனார் இத்தனை நாள், பிளம்பர் இத்தனை நாள், இடிக்க ஓர் ஆள், சித்தாள் ஒன்று என்று அவள் வாயில் என்ன வந்ததோ அதுதான் கணக்கு. அதற்கு மேல் அரை நாள் கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை. இத்தனைக்கும் படித்தது ஐந்தாம் வகுப்பு. பார்ப்பது சித்தாள் வேலை. கலவையைக் குழைத்து, சட்டியில் அள்ளி, தலையில் ஏற்றிக் கொத்தனார் கைக்குக் கொண்டு போய்க் கொடுக்கிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறாள்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ஊருக்குள் மாரித்தாய் பெயரில் போகவில்லை. துரைப்பாண்டிக் கொத்தனார் பெயரில் போயிற்று. வீட்டுக்காரர், "எவ்வளவு ஆகும் கொத்தனாரே?" என்று கேட்டவுடன் துரைப்பாண்டி தலையைத் தூக்கி மேலே மோட்டைப் பார்ப்பார், தாடையைச் சொறிவார், பெரிய யோசனையில் இருப்பது போல லேசாகத் திரும்புவார். பின்னால் நிற்கிற மாரித்தாய் இடுப்பில் சேலையைச் செருகுகிற சாக்கில் விரல்களைக் காட்டுவாள். அவர் திரும்பி, "கொத்தனாரு நாலு நாளு, பிளம்பரு ஒன்றரை நாளு" என்று சொல்லுவார். கொத்தனாருக்கு என்ன தலை என்று வீட்டுக்காரர் அசந்து போவார். கேட்கிற நமக்குக் கோபம் வரலாம். மாரித்தாய்க்கு வந்ததில்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் மண்வெட்டியைக் கழுவி வைப்பது போல இதுவும் ஒன்று என்று அவள் நினைத்திருந்தாள்.

சிக்கல் அவளுடைய வலது முழங்காலில் ஆரம்பித்தது. இரண்டு வருஷம் இருக்கும். முதலில் மாடிப்படி ஏறும்போது மட்டும் குத்தியது. பிறகு சமதரையிலும் குத்தியது. அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "சவ்வு தேஞ்சு போச்சும்மா. இனிமே கீழ உக்காராதீங்க, பாரம் தூக்காதீங்க" என்றார். அவர் மேல் குற்றமில்லை. எல்லோரிடமும் சொல்வதை இவளிடமும் சொன்னார். மாரித்தாய் மாத்திரையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போய்விட்டாள்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. அதற்குக் காரணம் வள்ளித்தாய். அவளும் துரைப்பாண்டியிடம் சித்தாளாக இருந்தவள்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "இடுப்பு விட்டுப்போகுது, முன்ன மாதிரி முடியல" என்று வாய்விட்டுச் சொன்னாள். யாரும் அவளைத் திட்டவில்லை, வேலையை விட்டு நிற்கச் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவளுக்குப் போன் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. இப்போது வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறாள்.

மாரித்தாயின் புருஷன் செத்து ஏழு வருஷம் ஆகிறது. ஒரே மகள் சண்முகசுந்தரி நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறாள். இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. ஒரு நாள் கூலி அறுநூறு ரூபாய். அதில்தான் மகளுடைய ஹாஸ்டலும் படிப்பும், இவளுடைய கஞ்சியும். அந்தப் போன் வராமல் போனால் எல்லாம் நின்றுவிடும். அதனால் இடது காலை முதலில் ஊன்றிப் படியேறப் பழகிக்கொண்டாள். மணல் சலிக்கிற வேலையென்றால் முந்திப் போய் நின்றாள். ஆட்கள் வரிசையாக நின்று சட்டி கைமாற்றும்போது தரையில் நிற்கிற இடத்தைப் பிடித்துக்கொண்டாள். வலி உயிர் போகிற நேரத்தில் சும்மாட்டை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டு நிற்பாள். பார்க்கிறவர்களுக்குத் தலைத்துணி சரியில்லை போல இருக்கும்.

வெளியில் சமாளித்தவளுக்கு வீட்டில் முடியவில்லை. கொல்லையில் புருஷன் காலத்தில் கட்டின கக்கூஸ், குத்தவைத்து உட்காருகிற பீங்கான். ஆடி மாதத்து ஒரு காலையில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. சுவரைப் பிடித்தாள், வழுக்கியது. குழாயைப் பிடித்தாள், அது ஆடியது. கூப்பிட்டால் பக்கத்து வீட்டில் கேட்கும். ஆனால் எந்தப் பெண்பிள்ளை அந்த நிலையில் ஆளைக் கூப்பிடுவாள்? கால் மணி நேரம் அப்படியே இருந்து, கடைசியில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் கையூன்றி எழுந்து வந்தாள். அன்றைக்கு அவள் வேலைக்குப் போகவில்லை. மகளுக்குப் போன் போட்டாள்.

"வெஸ்டர்ன் வச்சிருங்கம்மா. எத்தன தடவ சொல்லுதேன்" என்றாள் சண்முகசுந்தரி. "துரைப்பாண்டி மாமாட்ட சொன்னா ரெண்டே நாள்ல முடிச்சுக் கொடுத்துருவாருல்லா."

"அவருகிட்ட எப்பிடிட்டி சொல்ல?" என்றாள் மாரித்தாய்.

அங்கேதான் சங்கடம். கொத்தனார் கூட்டத்துக்குள் ஒரு வழக்கம் உண்டு. கூட வேலை பார்க்கிறவர் வீட்டில் வேலை என்றால் யாரும் கூலி வாங்க மாட்டார்கள். மதியம் ஒரு கறிச்சோறு போட்டால் போதும். துரைப்பாண்டி மேலநீலிதநல்லூரில் வீடு கட்டியபோது மாரித்தாய் நான்கு நாள் செங்கல் சுமந்தாள். ஒரு பைசா வாங்கவில்லை. இப்போது அவள் வாய் திறந்தால் மொத்தக் கூட்டமும் வந்து நிற்கும். ஆள் கூலி என்று ஒரு ரூபாய் செலவு இருக்காது. ஆனால் வந்து நிற்கிறவர்கள் சும்மா நிற்க மாட்டார்கள். உனக்கு எதற்கு வெஸ்டர்ன் என்று முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். காசு மிச்சமாகும், வேலை போய்விடும்.

ஆக, வெளி ஆளை வைத்து, காசு கொடுத்து, காதும் காதும் வைத்த மாதிரி முடிக்க வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக மாரித்தாய் தன் வீட்டுக்கு ஆள் கணக்குப் போட்டாள்.

கடையநல்லூர் மம்மதுவின் நினைவு வந்தது. சவூதியில் எட்டு வருஷம் டைல்ஸ் ஒட்டிவிட்டு வந்தவன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டப வேலையில், துரைப்பாண்டி கூட்டம் பூச்சு வேலை பார்த்த இடத்தில் அவன் தனியாக டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தான். கை சுத்தம், பேச்சு குறைவு. அவனுக்கு நாள் கூலி ஆயிரத்து இருநூறு. நான்கு நாள், நாலாயிரத்து எண்ணூறு. இடிக்க ஓர் ஆள், ஒரு நாள், தொள்ளாயிரம். பிளம்பர் ஒன்றரை நாள், ஆயிரத்து ஐநூறு. மொத்தம் ஏழாயிரத்து இருநூறு. சித்தாளுக்கு ஒன்றும் இல்லை. வீட்டிலேயே ஒரு சித்தாள் இருக்கும்போது காசு கொடுத்து இன்னொருத்தியைக் கூப்பிடுவார்களா?

நாள் பார்த்ததிலும் அவள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டத்தான் செய்தாள். ஆடியில் யாரும் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள். துரைப்பாண்டிக்கும் வேலை குறைவு, இவள் ஒரு வாரம் காணாமல் போனாலும் யாரும் தேட மாட்டார்கள். பழைய கக்கூஸை இடிக்க ஆடி என்ன, மார்கழி என்ன? ஆடிக் கடைசி வாரம் புதன்கிழமை ஆரம்பித்தால் ஞாயிறு சாயங்காலம் முடியும். திங்கள்கிழமை ஆவணி பிறக்கிறது, அன்றைக்கே ராஜபாளையம் ரோட்டில் ஒரு டீச்சர் வீட்டில் துரைப்பாண்டி வேலை தொடங்குகிறார். ஆடிக் கடைசி வெள்ளிக்கு நம் ஆட்களென்றால் கோயில், கொடை விழா என்று போய்விடுவார்கள். மம்மதுவுக்கு அந்தத் தொல்லை கிடையாது. இவ்வளவும் யோசித்தவள், வெள்ளிக்கிழமை மத்தியானம் மம்மதுவுக்கு ஜும்ஆ தொழுகை இருக்கிறது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அமாவாசையையும் கொடையையும் பார்த்தே நாள் குறித்த தலை அது.

துரைப்பாண்டியிடம், "மக காலேஜுல ஒரு சோலி இருக்கு அண்ணாச்சி. நாகர்கோவில் போயிட்டு ஒரு வாரத்துல வந்துருதேன்" என்று சொல்லிவிட்டாள். மம்மதுவிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். அவன் அடுத்த ஊர்க்காரன், சொன்னால் என்ன?

"முட்டி மடங்க மாட்டேங்குதுப்பா. சாதா உயரத்துல வச்சா எந்திரிக்க முடியாது. அடியில நாலு இஞ்சு மேடை போட்டு அதுக்கு மேல வச்சிரு. பக்கத்துச் சுவத்துல பிடிக்கிறதுக்கு ஒரு கம்பி."

"வச்சிருவோம்க்கா" என்றான் மம்மது.

புதன்கிழமை இடித்தார்கள். இடித்த கட்டியையும் மண்ணையும் கொல்லையிலிருந்து வாசலுக்கு மாரித்தாய்தான் சுமந்தாள். எண்பது சட்டிக்கு மேல் இருக்கும். அடுத்தவர் வீட்டில் என்றால் நடுநடுவே மணல் சலிக்கலாம், சும்மாடு கட்டலாம், வரிசையில் கீழே நிற்கலாம். இங்கே அவள் ஒருத்திதான் சித்தாள். வியாழக்கிழமை மம்மது மேடைக்குக் கலவை கேட்டான். குழைத்துக் கொடுத்தாள். டைல்ஸை நனைத்துக் கொடுத்தாள். மத்தியானத்துக்கு மேல் முழங்கால் வீங்கி, தோல் மினுமினுத்தது. நல்லெண்ணெய் தடவித் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் நின்றாள். வெள்ளிக்கிழமை காலையில் பாயிலிருந்து எழுந்து வாசலுக்கு வரவே பத்து நிமிஷம் ஆயிற்று.

மம்மது வந்து பார்த்தான். அவளையும் பார்த்தான், காலையும் பார்த்தான்.

"அக்கா, இனிமே நீங்க சட்டியைத் தொடக் கூடாது. நானே குழைச்சு நானே ஒட்டுனா இன்னும் நாலு நாள் ஆகும். ஒரு சித்தாள் போடுங்க."

"யாரைத் தெரியும் எனக்கு? தெரிஞ்சவ எல்லாம் எங்க கூட்டத்து ஆளு" என்றாள். அவனுக்கு அதன் அர்த்தம் புரியவில்லை.

"நான் ஜும்ஆவுக்குப் போயிட்டு வரும்போது பாக்கேன். இன்ஷா அல்லா, நாளைக் காலையில ஆள் வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிப் போனான். அப்போதுதான் அவளுக்கு அது வெள்ளிக்கிழமை என்று உறைத்தது. அரை நாள் போயிற்று. ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று நடந்துகொண்டிருந்தது, அவளுக்குத் தெரியாது. மம்மதுவுக்கு இந்த ஊரில் தெரிந்த கொத்தனார் ஒரே ஒருவர்தான். பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்ததும் அவன் அவருக்குத்தான் போன் போட்டான்.

சனிக்கிழமை காலை எட்டரை மணி. வாசலில் இரண்டு பைக் வந்து நின்றன. முன்னால் மம்மது. பின்னால் வந்த பைக்கில் ராஜகுமாரி, துரைப்பாண்டியின் கூட்டத்தில் இருக்கிற சின்ன வயசுச் சித்தாள். பைக்கை ஓட்டி வந்தது துரைப்பாண்டி.

மாரித்தாய் நடைவாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் எண்ணெய்த் துணி. மறைக்க நேரமில்லை. உள்ளே ஓடலாம் என்றால் ஓடுகிற காலா அது?

துரைப்பாண்டி பைக்கை ஸ்டாண்ட் போட்டார். வீட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"நாகர்கோவில் இங்கனதான் இருக்கா?" என்றார்.

அவள் சுவரைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள்.

"ஒரு வீட்டுக்குச் சித்தாள் வேணும், ரயில்வே கேட்டுகிட்ட வந்து நில்லுங்க அண்ணாச்சி, கூட்டிட்டுப் போறேன்னு இவன் சொல்லுதான். தெரு திரும்பும்போதே உன் வீடுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. எங்க வீட்டுக்கு நாலு நாளு கல்லு சுமந்தவ நீ. உன் வீட்டு வேலைக்கு நான் வந்தா கூலியா கேட்டுருவேன்? இல்ல, என் வேலை சரியிருக்காதா?"

"அப்பிடியெல்லாம் இல்ல அண்ணாச்சி."

"பெறவு என்ன?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மம்மது நடுவில் புகுந்தான். "அண்ணாச்சி, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. அக்கா வேலை இருக்குன்னாங்க, வந்தேன்."

"நீ உன் சோலியைப் பாருவே" என்று துரைப்பாண்டி கொல்லைப் பக்கம் நடந்தார். வந்த கோபத்தில் மம்மதுவின் வேலையில் ஏதாவது குற்றம் கண்டுபிடிக்கலாம் என்றுதான் போயிருப்பார். சுவரைத் தடவினார். தண்ணீர் வழிய விட்ட தரை வாட்டத்தைப் பார்த்தார். ஒரு குற்றமும் அகப்படவில்லை. பிறகு மூலையில் அந்த மேடை கண்ணில் பட்டது.

"இது என்னவே, இம்புட்டு உயரமா?"

"அக்காவுக்கு முட்டி மடங்க மாட்டேங்குது அண்ணாச்சி. உயரமா வச்சாத்தான் எந்திரிக்க முடியுமாம்" என்றான் மம்மது. அவனுக்கு அது ஒளிக்க வேண்டிய விஷயமாகத் தெரியவில்லை.

நடைவாசலில் இருந்த மாரித்தாய்க்கு அது கேட்டது. துரைப்பாண்டி திரும்பி வந்து அவள் எதிரில் நின்றார். குரல் இறங்கியிருந்தது.

"எம்புட்டு நாளா?"

"ரெண்டு வருசம்."

அவர் யோசித்தார். "அந்த லாட்ஜ் மாடி வேலைக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால."

லாட்ஜ் வேலை இருபத்தேழு நாள். இரண்டு மாடி. அவ்வளவு கலவையும் ஏறினது தலைச்சுமையாகத்தான். துரைப்பாண்டி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். காலை நேரம், வேர்வை ஒன்றும் இல்லை.

"சொல்லியிருக்கலாம்லா மாரி."

"சொன்னா வள்ளித்தாய் கதை ஆயிருமே அண்ணாச்சி" என்றாள். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது.

வள்ளித்தாய்க்குப் போன் போடாமல் விட்டது வேறு யாரும் இல்லை, துரைப்பாண்டிதான். ராஜகுமாரியிடம், "நீ இருந்து முடிச்சுக் கொடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தார். மாரித்தாய் காபி போட எழுந்தாள். அவள் எழுந்து முடிப்பதற்குள் பைக் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

ராஜகுமாரி இரண்டு நாளும் நின்று வேலை பார்த்தாள். நல்ல சுறுசுறுப்பு. அவள் கைவேகத்தில் வெள்ளிக்கிழமை போன அரை நாளும் ஈடாகி, சொன்னபடி ஞாயிறு சாயங்காலம் வேலை முடிந்தது. கூலி கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றாள். "என்ன அத்தை, நம்ம ஆளுகளுக்குள்ள" என்றாள். மம்மது வெள்ளிக்கிழமைக்கு அரைக் கூலிதான் எடுத்துக்கொண்டான். ஆக மொத்தம் ஆறாயிரத்து அறுநூறு. போட்டதற்குக் கீழேதான் ஆனது. பணக் கணக்கில் தப்பு வரவே இல்லை. தன்னை ஒரு முழு ஆளாகச் சேர்த்துக்கொண்டதில்தான் தப்பு வந்தது.

எல்லோரும் போன பிறகு புது பாத்ரூமுக்குள் போய் உட்கார்ந்து பார்த்தாள். கம்பியைப் பிடித்து எழுந்தாள். ஒரு சிரமம் இல்லை. மறுபடி உட்கார்ந்தாள். அப்படியே உட்கார்ந்தபடிக்கு அழுதாள். வேலை முடிந்த சந்தோஷமும் வேலை போகப்போகிற பயமும் சேர்ந்து வந்தால் பாவம், அவள்தான் என்ன செய்வாள்.

வழக்கமாக முந்தின நாள் ராத்திரி துரைப்பாண்டி எல்லோருக்கும் போன் போட்டு, நாளைக்கு இன்ன இடம் என்று சொல்லுவார். அன்றைக்கு மாரித்தாய்க்குப் போன் வரவில்லை. ஒன்பது மணி வரை போனை மடியில் வைத்திருந்தாள். பிறகு சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்தாள்.

திங்கள்கிழமை காலையில் எழுந்து சோறு வடித்துத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். போன் வராமல் போவது என்ன நியாயம் என்று ஒரு கோபம் உள்ளே இருந்தது. வேண்டாம் என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லட்டும். ஷேர் ஆட்டோவில் போய் இறங்கி, டீச்சர் வீட்டுக் கேட்டைத் திறந்தாள். அன்றைக்குப் பார்த்துக் கூடுமானவரை நேராக நடந்தாள்.

டீச்சர் பெயர் சுகிர்தா. போன வருஷம் ஓய்வு பெற்றவர். ஒரு தேதித்தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதத் தயாராகப் பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் துரைப்பாண்டி. சற்றுத் தள்ளி ராஜகுமாரி.

"பொருள் எல்லாம் நான் வாங்கிக் கொடுத்துருதேன் கொத்தனாரே. ஆள் கூலி மட்டும் எவ்வளவுன்னு கறாராச் சொல்லிருங்க. அப்புறம் நாளைக்கு, நாளான்னைக்குன்னு இழுக்கக் கூடாது" என்றார் டீச்சர்.

மாரித்தாய் பழக்கத்தில் துரைப்பாண்டியின் பின்னால் போய் நின்றாள். துரைப்பாண்டி அவளைப் பார்த்தார். ஏன் வந்தாய் என்று கேட்பார் என்று நினைத்தாள். அவர் மோட்டைப் பார்க்கவில்லை, தாடையைச் சொறியவில்லை.

"மாரி, முன்னால வா. நீயே பாத்துச் சொல்லு, எத்தன ஆளு, எத்தன நாளு?" என்றார், டீச்சர் காதில் நன்றாக விழும்படி.

இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி வாய்விட்டுக் கேட்டதில்லை. மாரித்தாய் பாத்ரூமை எட்டிப் பார்த்தாள். எட்டுக்கு ஐந்து. பழைய மொசைக் தரை. சுவருக்குள் பதித்த குழாய். சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள்.

"இடிக்க ஆளு ரெண்டு, ஒரு நாளு. கொத்தனாரு ஆறு நாளு. பிளம்பரு ரெண்டு நாளு." அதோடு நின்றுவிட்டாள்.

"சித்தாளு?" என்றார் டீச்சர்.

ஒன்று என்றுதான் எப்போதும் சொல்லி வந்திருக்கிறாள். ஒன்று என்று சொன்னால் இங்கே ராஜகுமாரி நிற்கிறாள், அந்த ஒன்று அவள்தான். இரண்டு என்று சொன்னால் தன்னால் முழு வேலை முடியாது என்று தானே ஊரறியச் சொன்ன மாதிரி. வியாழக்கிழமை சாயங்காலத்து முழங்கால் நினைவுக்கு வந்தது. பொய்க் கணக்கு போட்டுப் பட்டது போதும் என்று இருந்தது.

"ரெண்டு" என்றாள்.

டீச்சரின் பேனா நின்றது. "ஒரு பாத்ரூமுக்கு ரெண்டு சித்தாளா? போன வருஷம் என் தங்கச்சி வீட்டுல ஒராள வச்சுத்தான முடிச்சீங்க?"

அந்த ஓர் ஆள் மாரித்தாய்தான். அவள் வாயெடுப்பதற்குள் துரைப்பாண்டி சொன்னார்.

"ரெண்டுதான் டீச்சர். ஒராளு சுமக்க, ஒராளு கணக்குப் பாக்க."

"கணக்கு நீங்க பாப்பீங்கல்லா?"

"நான் என்னைக்குப் பாத்தேன்?" என்றார் துரைப்பாண்டி. தரையைப் பார்த்துத்தான் பேசினார். "இந்த ஊர்ல நான் சொன்ன கணக்குப் பூராவும் இவ சொன்னது. உங்க தங்கச்சி வீட்டுக்கு ஏழு நாளுன்னதும் இவதான். இடுப்புல விரலைக் காட்டுவா, நான் திரும்பிச் சொல்லுவேன். பேரு நான் வாங்கிக்கிட்டேன். இவளுக்குச் சட்டி தூக்கினதுக்கு மட்டும் கூலி கொடுத்தேன்."

டீச்சர் மாரித்தாயை மேலும் கீழுமாகப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளைப் பார்த்த கண் அது. லேசில் விட்டுவிடுமா? "சரி. கணக்குப் பாக்கதுக்கு அரைக் கூலி போடுவோம்."

"அது போதும் டீச்சர்" என்று மாரித்தாய் அவசரமாகச் சொன்னாள்.

"நீ சும்மா இரு" என்றார் துரைப்பாண்டி. "டீச்சர், இவ இல்லன்னா ஆறு நாளு வேலையை நான் எட்டு நாளு பாப்பேன். ரெண்டு நாளு கொத்தனார் கூலி எவ்வளவுன்னு நீங்களே போட்டுப் பாருங்க. உங்களுக்கு எது தோதோ அதை எழுதிக்கிடுங்க."

டீச்சர் தாளின் ஓரத்தில் என்னவோ பெருக்கிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். சித்தாள் என்று எழுதிய இடத்தில் இரண்டு என்று போட்டார். முழுக் கூலி. பிறகு வீட்டுக்குள் போனார். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து பாத்ரூம் வாசலுக்கு எதிரில், சாந்து தெறிக்காத தூரத்தில் போட்டார்.

"கணக்குப் பாக்கவங்க நின்னுக்கிட்டேவா பாப்பாங்க?" என்றார்.

மாரித்தாய் நகரவில்லை. வேலைக்குப் போன வீட்டில், கொத்தனார் நிற்கும்போது, சித்தாள் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. துரைப்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டினார், சுத்தியலைக் கையில் எடுத்தார். இப்போதும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உக்காரு மாரி. நேத்து ராத்திரி உனக்குப் போன் போடணும்னுதான் எடுத்தேன். என்னன்னு சொல்லிக் கூப்பிடன்னு தெரியல, வச்சிட்டேன். நீ வராம இருந்திருந்தா நான் இன்னைக்கு இங்கன என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல."

அவள் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, அதைத் துடைக்காமல் பாத்ரூமுக்குள் பார்த்தாள். துரைப்பாண்டி இடது சுவரில் சுத்தியலை ஓங்கினார்.

"அங்கன வேண்டாம் அண்ணாச்சி, அதுல குழாய் போகுது" என்றாள் மாரித்தாய். "வலது பக்கத்துல இருந்து ஆரம்பிங்க."

துரைப்பாண்டி வலது பக்கம் திரும்பினார்.